மழைக்குளிரில் 226 கிலோமீற்றர்: நுவரெலியா இறக்கத்தில் எந்தச் சாமான் தாங்குகிறது?

முழுத்தூர டிரையத்லன் என்றால் 3.8 கிலோமீற்றர் நீச்சல், 180 கிலோமீற்றர் சைக்கிள், 42.2 கிலோமீற்றர் ஓட்டம். கொழும்பில் நடந்த அயன்மேன் 70.3 போட்டி இதில் பாதித் தூரம். அங்கே ஆளைச் சாய்ப்பது வெயிலும் புழுக்கமும். நோர்வேயின் நோர்ஸ்மேன் வேறு ரகம். 2003இல் தொடங்கிய அந்தப் போட்டியில் விடியுமுன் படகிலிருந்து ஃபியோர்டுக்குள் (மலைகளுக்கு நடுவே நீளும் குளிர்ந்த கடல்நீர்) குதித்து நீந்த வேண்டும். ஓட்டம் முடிவது மலையில் 1,850 மீற்றர் உயரத்தில். அந்த மாதிரிக் குளிர்ப் போட்டிக்கு இலங்கையில் இருந்துகொண்டு தயாராகிறவர்கள் சாமான்களைச் சோதிக்க ஏற்ற இடம் நுவரெலியாவைச் சுற்றியுள்ள பாதைகள்தான். காலி முகத்திடலில் குறை சொல்ல முடியாத ஜாக்கெட், லபுக்கலைப் பனிமூட்டத்தில் அரை மணித்தியாலத்தில் சாயம் வெளுத்துவிடும்.

விலை எதையும் இங்கே போடவில்லை. டொலர் ஆடுகிற ஆட்டத்தில் இன்று எழுதிய விலை நாளைக்குப் பொய்.

முதலில் பாதை. கம்பளை ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1,868இல். நடுவில் புசல்லாவை, ரம்பொடை, லபுக்கலை. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 பாகை குறையும் என்பது பொதுக் கணக்கு. கம்பளையில் 25 பாகையில் கையில்லாத சட்டையோடு கிளம்பியவர், மேலே போய்ச் சேரும்போது 16 பாகையில், தூறலில், வியர்வையில் ஊறிப்போய் இருப்பார். ஏறும் வரைக்கும் குளிர் தெரியாது, கால் செய்கிற வேலை உடம்பைச் சூடாக வைத்திருக்கும். திரும்பி இறங்கத் தொடங்கியதும் அந்த வேலை நின்றுவிடுகிறது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகக் காற்று நனைந்த நெஞ்சில் அடிக்கிறது. மேலே காற்று 12 பாகைக்கு இறங்கும் நாளில், அந்த வேகத்தில் அது உலர்ந்த தோலுக்கே 8 பாகை மாதிரி உறைக்கும். ஈரத் தோலுக்குச் சொல்லவே வேண்டாம். ரம்பொடை முடக்குகளுக்கு வரும்போது விரல் மரத்துப்போய் பிரேக் லீவர் கையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது.

அதனால் காசை எதில் போடுவது என்று கேட்டால் பதில் சுருக்கமானது. கார்பன் வீல், ஏரோ ஹெல்மெட் எல்லாம் பிறகு பார்க்கலாம். ஜாக்கெட், கையுறை, பிரேக் பேட் மூன்றும் முதலில்.

ஜாக்கெட்

கிடைப்பது மூன்று ரகம். முதலாவது, மோட்டார் சைக்கிள்காரர்கள் போடுகிற பி.வி.சி. மழைக்கோட்டு. ஹட்டனில், தலவாக்கலையில், எந்த டவுனிலும் வாங்கலாம். வெளியிலிருந்து ஒரு சொட்டு உள்ளே வராது. உள்ளேயிருந்து ஒரு சொட்டு வெளியேயும் போகாது. ஏற்றத்தில் இருபது நிமிடம் போட்டாலே சட்டை பிழியலாம். இறக்கத்தில் தளர்ந்த முதுகு காற்றை வாங்கிப் புடைக்கிறது, குறுக்குக் காற்றில் சைக்கிளை ஒரு பக்கம் இழுக்கிறது, நீண்ட கீழ் ஓரம் பின் வீலை உரசப் பார்க்கிறது. சைக்கிள் ஓட்ட இது ஆகாது. ஆனால் உதவி வாகனத்துக்குள் ஒன்று கிடக்கட்டும். செயின் அறுந்து ரோட்டோரத்தில் நிற்கிறவருக்கு இதைவிட நல்ல உடுப்பு இல்லை.

இரண்டாவது, சைக்கிளுக்கென்றே தைத்த மெல்லிய மழை ஜாக்கெட். வெளித்துணி, அதன் உள்பக்கம் ஒட்டிய சவ்வு, சவ்வைக் காக்க மேலே ஒரு மெல்லிய பூச்சு. 200 கிராம் அளவில் இருக்கும், சுருட்டினால் சைக்கிள் சட்டையின் முதுகுப் பைக்குள் போகும். லேபிளில் 10,000 மில்லிமீற்றர் என்றோ அதற்கு மேலோ போட்டிருந்தால் மலையக மழைக்குப் போதும். துணியின் மீது அந்த உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினாலும் கசியாது என்பதுதான் அந்த எண். ஆனால் எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாறுவீர்கள். துணி கசியாது, கசிவது தையல்.

கடையிலேயே பார்க்க வழி இருக்கிறது. ஜாக்கெட்டின் கைப்பகுதியை உள்வெளியாகத் திருப்பி, அக்குளுக்குக் கீழே நாலு தையலும் சேருகிற இடத்தைப் பாருங்கள். தையலின் மேல் விரல் அகலத்துக்குப் பளபளக்கிற டேப் ஒட்டியிருக்க வேண்டும். அந்தச் சந்தியில் டேப் இல்லாவிட்டால், அல்லது குமிழ் விட்டு ஓரம் கிளம்பியிருந்தால், எந்தப் பெயர் போட்டிருந்தாலும் விட்டுவிட்டு வாருங்கள். அடுத்து, கைப்பகுதியை ஒரு கோப்பை மாதிரிப் பிடித்துக்கொண்டு உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி இரண்டு நிமிடம் பொறுங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை. நுவரெலியாக் குளிராடைக் கடைகளில் தொங்குகிற ஏற்றுமதி மிச்ச ஜாக்கெட்டுகளில் நல்லவை உண்டு, ஆனால் பெரும்பாலானவை பஞ்சு அடைத்த குளிர் ஜாக்கெட். நனைந்தால் கல்லாகக் கனக்கும். போட்டி முடிந்து போட்டுக்கொள்ளலாம், சைக்கிளில் வேண்டாம்.

அளவு பார்க்கும்போது நேரே நின்று கண்ணாடி பார்க்காதீர்கள். ஹாண்டில்பாரைப் பிடிக்கிற மாதிரி குனிந்து கையை முன்னால் நீட்டுங்கள். மணிக்கட்டு தெரியக் கூடாது, இடுப்பு தெரியக் கூடாது. மணிக்கட்டு ஓரம் கையுறையின் மேல் ஏறி மூட வேண்டும். ஓரம் உள்ளே போனால் கையில் வடிகிற மழை முழுக்கக் கையுறைக்குள் இறங்கும். மேலும் கீழும் திறக்கிற இரட்டை ஸிப் இருந்தால் வயிற்றுப் பக்கத்தைத் திறந்துவிட்டு ஏறலாம், முதுகுப் பைக்குள் இருக்கிற சாப்பாட்டையும் எடுக்கலாம். நிறத்தில் கறுப்பும் சாம்பலும் வேண்டாம். பனிமூட்டத்தில் பஸ் சாரதி உங்களைப் பார்க்கும் தூரம் இருபது மீற்றர்கூட இருக்காது.

இந்த ரகத்தைப் பற்றி வருகிற பெரிய குறை “உள்ளே ஒழுகுகிறது” என்பது. பல நேரம் ஒழுகுவதில்லை. வெளித்துணியில் தண்ணீரை உருட்டிவிடும் பூச்சு தேய்ந்து, துணி தண்ணீரைக் குடித்துவிடுகிறது; வெளியே ஈரப் படலம் இருந்தால் வியர்வை ஆவி போக வழியில்லை; அது உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகிறது. தோளில் மழைத்துளி உருளாமல் கருமையாகப் பரவினால் பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். அதற்கென்று விற்கிற திரவத்தில் கழுவி, இரண்டு தரம் அலசி, லேபிள் அனுமதித்தால் துணியை மேலே போட்டுக் குறைந்த சூட்டில் இஸ்திரி போடுங்கள். சூடு பட்டால்தான் பூச்சு மறுபடி எழும்பும். சாதாரணச் சவர்க்காரத்தூளும் துணி மென்மையாக்கியும் பூச்சைக் கெடுக்கும்.

மூன்றாவது ரகம் ஷேக்ட்ரை. வெளித்துணியே கிடையாது, சவ்வே மேற்பரப்பு. குடிக்கத் துணி இல்லாததால் ஈரம் பிடிக்காது. ஒரு உதறு உதறினால் காய்ந்துவிடும். மூன்றிலும் மழைக்குச் சிறந்தது இதுதான், சந்தேகமில்லை. ஆனால் பை வார் உரசினால் தேய்கிறது, தேயிலைக் கவாத்துக் கட்டையில் கையை இழுத்தால் கிழிகிறது. போதாததற்கு கோர் நிறுவனம் இதன் தயாரிப்பை நிறுத்திவிட்டது. கிடைப்பது பழைய இருப்பு. தோளில் மாட்டும் பையோடு ஓட வேண்டிய போட்டிக்கு இதை நம்பி இறங்காதீர்கள். எங்கள் தெரிவு இரண்டாவது ரகம், டேப் ஒழுங்காக இருந்தால்.

எதை வாங்கினாலும் போடுகிற நேரம் தவறினால் பிரயோசனமில்லை. இறக்கம் தொடங்கு முன் நின்று, ஒரு காலை ஊன்றிக்கொண்டு போடுங்கள். ஓடும் சைக்கிளில் ஈரக் கையைக் கைப்பகுதிக்குள் நுழைக்க முடியாது, ஒட்டிக்கொள்ளும். உள்ளே பருத்தி பனியன் கூடவே கூடாது. மெல்லிய கம்பளி அல்லது வலைப்பின்னல் பொலியெஸ்டர். அவசரத்துக்கு ஞாயிறு வீரகேசரியை மடித்து நெஞ்சுக்குள் செருகுவதும் வேலை செய்யும். வாரநாள் இதழ் கொஞ்சம் மெல்லிசு.

கை

கையுறையில் “வாட்டர்ப்ரூஃப்” என்று எழுதியிருக்கிற தடித்த ரகத்தை நாங்கள் தள்ளிவிடுகிறோம். மழை மணிக்கட்டு வழியே உள்ளே இறங்கியதும் உள்துணி ஊறுகிறது. நடுவில் கழற்றினால் உள்துணி விரலோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். திரும்ப விரல் நுழையாது. நுழைக்கப் போராடும் ஐந்து நிமிடத்தில் உடம்பு இன்னும் குளிர்ந்துவிடும்.

நீச்சல்காரர் போடுகிற நியோப்ரீன் (நுரை ரப்பர்) கையுறை, 2 மில்லிமீற்றர் தடிப்பில், இதற்கு நேர்மாறு. அது நனையத்தான் செய்யும். உள்ளே புகுந்த கொஞ்சத் தண்ணீரை உடம்புச் சூடு வெதுவெதுப்பாக்கி வைத்துக்கொள்ளும். 3 மில்லிமீற்றருக்கு மேல் போனால் கியர் லீவரின் சின்னப் பொத்தானை விரல் உணராது. இதுவும் கிடைக்காவிட்டால் மருந்துக்கடை நைட்ரைல் கையுறையை உள்ளே போட்டு, மேலே மெல்லிய கம்பளிக் கையுறை. நைட்ரைல் ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். இறுகினால் இரத்தோட்டம் குறைந்து கை சீக்கிரம் விறைக்கும்.

நீச்சலில் இருந்து ஈரக் கையோடு வருகிறவர் எந்தக் கையுறையையும் சுலபமாகப் போட முடியாது. ட்ரான்சிஷன் பையில் (நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு மாறும் இடத்தில் வைக்கிற பை) கையுறைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துவாயும், ஒரு தேக்கரண்டி குட்டிக்கூரா மாதிரிப் பவுடரும் வையுங்கள். கையைத் துடைத்து, பவுடர் தடவி, பிறகு போடலாம். சோதனை எளிது: கையுறையோடு ஹெல்மெட் பட்டியைப் பூட்டித் திறக்க வேண்டும், சாப்பாட்டு ஜெல் பைக்கற்றைக் கிழிக்க வேண்டும், வால்வு மூடியைத் திருக வேண்டும். மூன்றில் ஒன்று முடியாவிட்டாலும் அது வேறு யாருக்கோ உரிய கையுறை.

பிரேக்

மழையில் மலையிறங்க ரிம் பிரேக்கும் (வீலின் விளிம்பைப் பிடிப்பது) கார்பன் வீலும் சேர்ந்த சைக்கிள் வேண்டாம். முதல் ஒரு சுற்றோ இரண்டோ ஈரத்தைத் துடைக்கவே போய்விடும், அதற்குள் முடக்கு வந்துவிடும். வீல் நடுவிலுள்ள ரோட்டர் என்கிற உலோகத் தட்டைப் பிடிக்கிற ஹைட்ரோலிக் டிஸ்க் என்றால், கேள்வி அந்தத் தட்டைக் கவ்வுகிற பேடைப் பற்றியது.

ஷிமானோவின் ரோட் பேடுகளில் ரெசின் ரகம் எல் 03 ஏ, உலோக ரகம் எல் 04 சி. ரெசின் சத்தமில்லாமல், கைக்கு மென்மையாகப் பிடிக்கும். ஈரத்தில் வேகமாகத் தேயும். மலைச்சரிவில் இருந்து ரோட்டுக்கு வழிகிற செம்மண் சேறு பேடுக்கும் ரோட்டருக்கும் நடுவில் அரைத்தாளாக வேலை செய்கிறது. புதுப் பேட் போட்டு இறங்கிய ஒரு நீண்ட மழை நாளிலேயே பாதி போவது அதிசயமில்லை. உலோகப் பேட் கீச்சிடும், முதல் பிடி கொஞ்சம் பிந்தும், ஆனால் நிற்கும், சூட்டையும் தாங்கும். மழைக்கால மலையகத்துக்கு உலோகப் பேட்தான், சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிபந்தனை: ரோட்டரில் “ரெசின் பேட் மட்டும்” என்று பொறித்திருந்தால் உலோகப் பேட் அந்த ரோட்டரைத் தின்றுவிடும். முதலில் ரோட்டரைப் படியுங்கள்.

பேடின் உராய்வுப் பகுதி 0.5 மில்லிமீற்றருக்கு வந்தால் கழற்ற வேண்டும், 1.8இல் தொடங்கும் ரோட்டர் 1.5க்கு வந்தால் அதையும் மாற்ற வேண்டும். நீண்ட நாளுக்கு முன் பேட் 1 மில்லிமீற்றருக்குக் குறைந்திருந்தாலே புதுசு போட்டுவிடுங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் 160 மில்லிமீற்றர் ரோட்டர். 140 எடையைக் குறைக்கும், சூட்டையும் சீக்கிரம் ஏற்றும்.

புதுப் பேடைப் பழக்காமல் மழைக்குள் போகக் கூடாது. உலர்ந்த சமதளத்தில் 30 கிலோமீற்றர் வேகத்தில் இருந்து நடக்கும் வேகம் வரை அழுத்திப் பிடித்து விடுங்கள். வீல் இறுகி நிற்கக் கூடாது. ஒவ்வொரு பிரேக்குக்கும் இருபது தரம். நுவரெலியா ரேஸ்கோர்ஸ் பக்கத்துச் சமமான ரோட்டு காலையில் இதற்கு நல்லது. இதைச் செய்யாத பேட் மினுங்கிப்போய்ப் பிடிக்காது, பிறகு உரத்துக் கத்தும்.

இன்னொரு எதிரி பஸ் நிறுத்தங்களில் கிடக்கும் டீசல். மழையில் வானவில் நிறத்தில் மிதக்கும். ரோட்டரில் தெறித்தால் பிரேக் கத்தும், பிடி போகும். ரோட்டரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைக்கலாம். எண்ணெய் குடித்த பேடைத் தேய்த்தும் சுட்டும் காப்பாற்றப் பார்க்கிறவர்கள் உண்டு. மலைப் பாதைக்கு அந்தச் சிக்கனம் வேண்டாம், தூக்கிப் போடுங்கள். ஒரு சோடி பேடும் அதன் பிளவு ஊசியும் எப்போதும் பையில் இருக்க வேண்டும்.

இறங்கும்போது லீவரைத் தொட்டபடியே தேய்த்துக்கொண்டு வருவதுதான் பிரேக்கைச் சூடாக்குவது. முடக்குக்கு முன் நேர்ப் பாதையில் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் கொட்டிவிட்டு, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். வெள்ளைக் கோடும் பாலத்து இரும்பு இணைப்பும் ஈரத்தில் சறுக்கும், அவற்றின் மேல் சரிந்தபடி போகாதீர்கள். ரம்பொடைச் சுரங்கத்துக்குள் வெளிச்சத்திலிருந்து நுழைகிற சாரதிக்குக் கண் பழகச் சில நொடி பிடிக்கும். பின் லைட்டைப் பகலிலும் அணைக்க வேண்டாம்.

மற்றவை, சுருக்கமாக

டயர் 28 மில்லிமீற்றர் டியூப்லெஸ். 70 கிலோ ஆளுக்கு உலர்ந்த ரோட்டில் 70 பி.எஸ்.ஐ. என்றால் மழையில் 65. கொக்கியில்லாத ரிம்மில் (டயரைக் கவ்வும் உள்மடிப்பு இல்லாதது) எந்த நாளிலும் 5 பாரை, அதாவது ஏறக்குறைய 72 பி.எஸ்.ஐ.யை, தாண்டக் கூடாது. ஈரக் கண்ணாடித் துண்டு ரப்பரை வழுக்கி வெட்டும், அதனால் மழையில் பஞ்சர் கூடும். ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவம் 40 மில்லிலீற்றர் ஊற்றி, மூன்று மாதத்துக்கு ஒரு தரம் திறந்து பாருங்கள். கியர் முன்னுக்கு 34 பல், பின்னுக்கு 34 பல். நிமிடத்துக்கு 70 சுற்றில் மணிக்கு ஏறக்குறைய 9 கிலோமீற்றர் வரும். லபுக்கலை ஏற்றத்துக்கு அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெட்சூட்டில் (குளிர் நீருக்கான நியோப்ரீன் நீச்சல் உடை) தோள் 1.5 மில்லிமீற்றரும் உடலும் தொடையும் 3 முதல் 5 மில்லிமீற்றரும் உள்ள ரகம் போதும். 5க்கு மேல் போட்டி விதி இடம் கொடுக்காது. அயன்மேன் போட்டிகளில் தண்ணீர் 24.5 பாகைக்கு மேல் போனால் வெட்சூட் போட்டவருக்குப் பரிசு வரிசையில் இடமில்லை, ஆகவே கொழும்புக் கடலுக்கு இதை வாங்காதீர்கள். காலில் ஷொப்பிங் பையைப் போட்டு நுழைத்து, நகம் படாமல் விரல் நுனிச் சதையால் கவட்டைவரை முதலில் இழுத்துக்கொண்டால்தான் தோள் தளர்வாக இருக்கும். கழுத்து உராய்வுக்கு வாஸ்லின் வகை வேண்டாம், அது நியோப்ரீன் பசையைக் கெடுக்கும். மலையகத்தில் இதற்கு வருகிற கேடு கிழிசல் அல்ல, பூஞ்சணம். ஆடி மாதத்துப் பனியில் மூன்று நாள் தொங்கினாலும் காயாது. நல்ல தண்ணீரில் அலசி, உள்வெளியாகத் திருப்பி, தடித்த மூங்கில் மேல் இடுப்பால் மடித்துப் போட்டு, கைகால்களுக்குள் பழைய பேப்பரைத் திணித்து மாற்றிக்கொண்டே இருங்கள். காசல்ரீ, மவுசாகலை மாதிரி நீர்த்தேக்கங்களில் தடைப் பலகை உள்ள இடத்தில் பழகப் போகாதீர்கள். மின் உற்பத்திக்காக மட்டம் மாறும், கரை சேறு, அடியில் பழைய மரக்கட்டை.

சாப்பாடு மணித்தியாலத்துக்கு 60 முதல் 90 கிராம் மாச்சத்து. குளிரில் தாகம் எடுக்காது, குடிக்க மறந்தால் சாப்பாடும் போகாது. போத்தலில் கரைத்துவிட்டால் இரண்டும் ஒன்றாக நடக்கும். 500 மில்லிலீற்றர் தண்ணீரில் 60 கிராம் சீனி, கால் தேக்கரண்டி உப்பு, அரைத் தேசிக்காய். வெளிநாட்டு ஜெல் குளிரில் இறுகிப் பல்லில் ஒட்டுகிறது, இது ஒட்டாது. உதவி வாகனத்தில் பிளாஸ்கில் சீனி போட்ட பிளேன் டீயும் தேங்காய் ரொட்டியும் இருக்கட்டும். நடுக்கம் திடீரென நின்று, பேச்சுக் குழறி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வந்தால் அது உடம்பு தேறிய அடையாளம் இல்லை, உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைந்ததன் அடையாளம். ஈர உடுப்பைக் கழற்றி, உலர்ந்ததைச் சுற்றி, முழு விழிப்போடு இருந்து விழுங்க முடிந்தால் மட்டும் சூடான இனிப்புப் பானம் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கைகாலைத் தேய்ப்பதும் சாராயம் கொடுப்பதும் கேடு.

சோதனைக்கு மாதம் தெரிந்து போங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் கொட்டும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும் இடங்கள் உண்டு. அதே நாளில் ஹக்கலை தாண்டி வெலிமடைக்கு இறங்கினால் ரோட்டு காய்ந்து கிடக்கும், காற்று மட்டும் தள்ளும். ஒரே நாளில் ஜாக்கெட்டை மழைக்கும் காற்றுக்கும் பார்த்துவிடலாம். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகல் இடி இருப்பதால் விடியற்காலை ஐந்துக்குக் கிளம்பி மதியத்துக்குள் இறங்கிவிட வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், அம்பர், சிவப்பு என்று மூன்று நிலையில் விடுகிறது. நுவரெலியா, பதுளை, கண்டி எதற்காவது மஞ்சள் வந்தாலே அந்தப் பாதையை அன்றைக்கு விட்டுவிடுங்கள். எந்த ஜாக்கெட்டும் சரிகிற மண்மேட்டுக்குப் பதில் சொல்லாது.

ஓட்டத்துக்குச் சப்பாத்தைவிட மேஸ் (காலுறை) முக்கியம். கம்பளி கலந்தது நனைந்தாலும் சூடு விடாது, கொப்புளமும் குறைவு. 21ஆவது கிலோமீற்றரில் மாற்ற இரண்டாவது சோடி, ஸிப் பைக்குள். தோட்டத்து மண் பாதையில் ஓடினால் அட்டை ஏறும்; மேஸின் மேல் ஓரத்தில் ஈரச் சவர்க்காரத்தைத் தேய்த்துவிடுங்கள். கடித்துவிட்டால் பிடுங்காமல் நகத்தால் வாயின் ஓரத்தை வழித்துவிட்டு ஓடலாம், இரத்தம் கொஞ்ச நேரம் வடிந்து தானாக நிற்கும்.